டீசல் வாங்கச் சொன்னது யாரு? லண்டன் புகைக் கட்டணத்தின் கதை

இன்னைக்கு எபிசோடை ரெண்டு காரை வெச்சு ஆரம்பிக்கலாம்.

லண்டன்ல ஒரு தெரு. பக்கத்து பக்கத்துல ரெண்டு கார் நிக்குதுன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு 2006-ல் பதிவான பெட்ரோல் கார். பெயிண்ட் உரிஞ்சு, பம்பர் ஒரு பக்கம் இறங்கி நிக்குது. இன்னொண்ணு 2013-ல் பதிவான டீசல் கார். பார்க்க பளபளன்னு இருக்கு. ரெண்டையும் ரோட்டுக்கு எடுத்தா, அந்தப் பழைய பெட்ரோல் காருக்கு ஒரு பைசா கிடையாது. ஏழு வருஷம் புதுசான டீசல் காருக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணும்.

என்ன லாஜிக் இது? அந்த லாஜிக்குக்குப் பின்னாடி கிட்டத்தட்ட எழுபது வருஷக் கதை இருக்கு. அதுல ஒரு அரசாங்க முடிவு, ஒரு கார் கம்பெனியோட சாஃப்ட்வேர், ஒன்பது வயசுக் குழந்தை ஒருத்தியோட மரணம், 495 ஓட்டுல முடிஞ்ச ஒரு தேர்தல் எல்லாமே வருது.

முதல்ல விதி என்னன்னு பார்த்துடலாம்

இந்தத் திட்டத்துக்குப் பேரு அல்ட்ரா லோ எமிஷன் ஸோன். சுருக்கமா யூலெஸ். டோல் கேட் மாதிரி தடுப்பு எதுவும் இருக்காது. கம்பத்துல இருக்கற கேமரா உங்க நம்பர் பிளேட்டைப் படிக்கும், அந்த வண்டி எந்த யூரோ தரத்துலன்னு பதிவேட்டுல பார்க்கும். தரம் இல்லைன்னா நீங்களே போய்ப் பணம் கட்டணும். ஓட்டுன நாளுக்கு அப்புறம் மூணாவது நாள் நள்ளிரவு வரைக்கும் டைம். மறந்தா 180 பவுண்டு அபராதம், 14 நாளுக்குள்ள கட்டினா அதுல பாதி.

யூரோ தரம்னா, ஐரோப்பாவுல வண்டிப் புகைக்கு வெச்சிருக்கற அளவுகோல். உங்க ஆர்.சி.யில பிஎஸ்-4, பிஎஸ்-6ன்னு போட்டிருப்பாங்க இல்லையா, அந்த பாரத் ஸ்டேஜ் முறையே யூரோவைப் பார்த்து உருவானதுதான். யூலெஸ்ல கட்டணம் இல்லாம ஓட்ட பெட்ரோல் காருக்கு யூரோ 4 போதும். டீசல் காருக்கு யூரோ 6 வேணும். ஓரவஞ்சனை மாதிரி தெரியும். ஆனா நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை எடுத்துப் பாருங்க. யூரோ 4 பெட்ரோலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 0.08 கிராம். யூரோ 6 டீசலுக்கும் அதே 0.08 கிராம். நம்ம 2013 டீசல் கார் யூரோ 5. அதோட வரம்பு 0.18 கிராம், ரெண்டு மடங்குக்கும் மேல. அதாவது பெட்ரோல் கார் 2005 வாக்குல தொட்ட இடத்துக்கு டீசல் கார் வந்து சேர இன்னொரு பத்து வருஷம் ஆச்சு.

இன்னொரு விஷயம். கட்டணம் 24 மணி நேரமும் உண்டு, வருஷத்துல கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும்தான் லீவு. 'ஒரு நாள்'ங்கறது நள்ளிரவுல இருந்து நள்ளிரவு வரைக்கும். ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி 12.30-க்கு வீடு திரும்பினா ரெண்டு நாள் கணக்கு, 25 பவுண்டு. ஆஸ்பத்திரியில வாரத்துல அஞ்சு நாள் தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்க்கறவங்க ஆறு நாள் கட்டணும். வண்டி வீட்டு வாசல்ல சும்மா நின்னா காசு கிடையாது.

கரிப்புகையில இருந்து டிராஃபிக் ஜாமுக்கு

லண்டனுக்குப் புகை புதுசு இல்ல. 1952 டிசம்பர் 5-ல இருந்து 9 வரைக்கும் அந்த ஊரை ஒரு மூட்டம் அமுக்கிடுச்சு. வீட்டு அடுப்புல எரிச்ச நிலக்கரி, மின் நிலையங்கள், காத்தே வீசாத குளிர். எதிர்ல வர்ற ஆள் தெரியல, பஸ் ஓடல. 4,000 பேர் செத்துப் போனதா அப்போ கணக்கு சொன்னாங்க. பிற்கால ஆய்வுகள் 12,000 வரைக்கும் போகுது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்துச்சு.

அந்தச் சட்டத்துல ஒரு அம்சத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். புகையில்லாப் பகுதின்னு அறிவிச்ச இடத்துல இருந்த வீட்டுக்காரங்ககிட்ட 'நிலக்கரி எரிக்காதே'ன்னு சொல்லிட்டு அரசு ஒதுங்கிக்கல. அடுப்பை மாத்தற செலவுல பெரும்பகுதியை மானியமாவும் கொடுத்துச்சு.

வண்டிகளுக்குக் கட்டணம்ங்கற யோசனை புகையில இருந்து வரல, நெரிசல்ல இருந்து வந்துச்சு. 1964-ல் ரூபன் ஸ்மீட் தலைமையிலான குழு, 'நெரிசலான ரோட்டைப் பயன்படுத்தறவங்ககிட்ட நேரடியா விலை வாங்கலாம், தொழில்நுட்ப ரீதியா அது சாத்தியம்'னு பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தாங்க. பிரிட்டன் அதைக் கிடப்புல போட்டுச்சு. முதல்ல செஞ்சு காட்டுனது சிங்கப்பூர். 1975 ஜூன்ல நகர மையத்துக்குள்ள காலைல கார் ஓட்ட நாளுக்கு 3 டாலர். கண்ணாடியில ஒட்டுன வில்லையை எல்லையில ஆள் நின்னு பார்ப்பாங்க.

லண்டனுக்கு அது வந்து சேர்ந்தது 2003 பிப்ரவரி 17. மேயர் கென் லிவிங்ஸ்டன் கொண்டு வந்த நெரிசல் கட்டணம், நாளுக்கு 5 பவுண்டு. அப்போ கேமரா கேட்ட கேள்வி ஒண்ணுதான்: நீ உள்ளே இருக்கியா? உன் சைலன்சர்ல இருந்து என்ன வருதுன்னு அது கேக்கல. அந்தக் கேள்வி 2008-ல் லாரி மாதிரி பெரிய வண்டிகளுக்கு மட்டும் வந்துச்சு. கார்க்காரங்க தப்பிச்சாங்க. அதே நேரத்துல கார்க்காரங்க எல்லாரும் வேற ஒரு திசையில போயிட்டு இருந்தாங்க.

ஒரே ஒரு எண்

1997-ல் கியோட்டோ ஒப்பந்தம் உருவாச்சு. கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கணும்ங்கறது ஐரோப்பா முழுக்க லட்சியம். 2001 மார்ச்ல இருந்து பிரிட்டன்ல புதுக் காருக்கான வருடாந்திர வரியை, அது வெளியிடற கார்பன் டை ஆக்சைடை வெச்சு நிர்ணயிச்சாங்க. கம்மியா விட்டா கம்மி வரி.

டீசல் எஞ்சின் அதே தூரத்துக்குக் கம்மி எரிபொருள் குடிக்கும், அதனால கார்பன் டை ஆக்சைடும் கம்மி. மக்கள் என்ன பண்ணுவாங்க? டீசல் வாங்கினாங்க. 2000-ல் பிரிட்டன்ல வித்த புதுக் கார்கள்ல சுமார் ஏழுல ஒண்ணுதான் டீசல். 2011-ல் பாதிக்குப் பாதி.

ஆனா டீசலுக்கு இன்னொரு முகம் இருக்கு. அந்த எஞ்சின்ல காத்து அதிகமா, ரொம்ப சூட்டுல எரியுது. காத்துல இருக்கற நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தச் சூட்டுல சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும். பெட்ரோல் கார்ல அதைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், டீசல் புகையில ஆக்சிஜன் மிச்சம் இருக்கறதால அதே மாதிரி வேலை செய்யாது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. வரிச் சூத்திரத்துல அந்த வாயுவுக்கு இடம் இல்ல, அவ்வளவுதான்.

கோடு எழுதற ஆட்களுக்கு இது பழகின கதை. ஒரு டேஷ்போர்டுல ஒரே ஒரு எண்ணை வெச்சு, 'இது குறைஞ்சா போனஸ்'னு சொல்லிப் பாருங்க. அந்த எண் கண்டிப்பா குறையும். வேற எங்கயோ ஒண்ணு ஏறும், அதைக் காட்டத்தான் டேஷ்போர்டுல இடம் இருக்காது. இங்க ஏறினது மக்கள் சுவாசிக்கற காத்துல இருந்த நைட்ரஜன் டை ஆக்சைடு. 2010-க்குள்ள அதோட வருட சராசரியை ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள்ள கொண்டு வரணும்ங்கறது ஐரோப்பிய விதி. பிரிட்டனால முடியல. கிளையண்ட் எர்த்ங்கற சட்ட அமைப்பு வழக்குப் போட, 2015 ஏப்ரல்ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் புதுத் திட்டம் கொண்டு வாங்கன்னு அரசுக்கு உத்தரவே போட்டுச்சு.

சோதனை நடக்குதுன்னு தெரிஞ்ச கார்

அதே 2015 செப்டம்பர்ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு அறிவிப்பு விட்டுச்சு. ஃபோக்ஸ்வேகன் தன்னோட டீசல் கார்கள்ல ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்குன்னு. ஸ்டியரிங் எப்படி இருக்கு, வேகம் எப்படி மாறுது, எஞ்சின் எவ்வளவு நேரமா ஓடுது, காத்தழுத்தம் என்னன்னு பார்த்து, 'இப்போ லேப்ல சோதனை நடக்குது'ன்னு அது கண்டுபிடிச்சிடும். உடனே புகையைச் சுத்தம் பண்ற எல்லாத்தையும் முழுசா ஓட விடும். ரோட்டுக்கு வந்ததும் அதைத் தளர்த்திடும். ரோட்டுல அந்த கார்கள் வரம்பைப் போல 40 மடங்கு வரைக்கும் நைட்ரஜன் ஆக்சைடு விட்டுச்சு. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள்ல இந்த சாஃப்ட்வேர் இருந்ததா கம்பெனியே ஒத்துக்கிச்சு.

டெஸ்ட் கேஸ் வந்தா மட்டும் சரியான விடை கொடுக்கற புரோகிராம். நம்ம தொழில்ல அதைப் பார்த்துச் சிரிப்போம். இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. வெளியே வந்தது மனுஷங்க இழுத்த மூச்சு. ஃபோக்ஸ்வேகன் பண்ணது அப்பட்டமான மோசடி. ஆனா அதைத் தாண்டி, பல கம்பெனிகளோட டீசல் கார்கள் லேப்ல ஒரு அளவும் ரோட்டுல அதைவிட ரொம்ப அதிகமாவும் விட்டுட்டு இருந்தது அப்புறம் நடந்த சோதனைகள்ல வெளிய வந்துச்சு. 'சுத்தமான கார்'னு நம்பி வாங்கினவங்க கைல கடைசியில இருந்தது அழுக்கு கார்.

எல்லா

இப்போ ஒரு பேரைச் சொல்லணும். எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. தென்கிழக்கு லண்டன், லூவிஷம். அவங்க வீடு சவுத் சர்குலர்ங்கற பெரிய ரோட்டுல இருந்து சுமார் 25 மீட்டர் தூரம். எல்லாவுக்குக் கடுமையான ஆஸ்துமா. மூணு வருஷத்துல கிட்டத்தட்ட 30 தடவை ஆஸ்பத்திரி. 2013 பிப்ரவரியில ஒன்பது வயசுல இறந்துட்டா.

முதல் மரண விசாரணை காத்தைப் பத்திப் பேசவே இல்ல. அவளோட அம்மா ரோஸமண்ட் விடல. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், அவள் ஆஸ்பத்திரிக்குப் போன காலங்களையும் வீட்டுப் பக்கத்துல பதிவான மாசு அளவையும் ஒப்பிட்டு ஒரு அறிக்கை கொடுத்தார். பழைய தீர்ப்பு ரத்தாகி, புது விசாரணை நடந்து, 2020 டிசம்பர் 16-ல் விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ தீர்ப்பு சொன்னார்: இந்த மரணத்துக்குக் காத்து மாசும் ஒரு காரணம். பிரிட்டன்ல ஒரு மரணத்துக்கு அப்படிக் காரணம் பதிவானது அதுதான் முதல் தடவை. முக்கியமான மூலம் வண்டிப் போக்குவரத்துன்னு சொன்னார். இந்த ஆபத்தைப் பத்தி அந்த அம்மாவுக்கு யாருமே எச்சரிக்கை கொடுக்கலன்னும் சொன்னார். தெரிஞ்சிருந்தா அவங்க ஏதாவது செஞ்சிருக்க முடியும்.

இப்போ மேப்பைப் பாருங்க. யூலெஸை முதல்ல அறிவிச்சது 2013-ல் மேயரா இருந்த போரிஸ் ஜான்சன். அடுத்து வந்த சாதிக் கான் அதை முன்கூட்டியே, 2019 ஏப்ரல் 8-ல் ஆரம்பிச்சார். அப்போ நகர மையம் மட்டும்தான். 2021 அக்டோபர்ல அதை 18 மடங்கு பெருசாக்கினாங்க. எல்லை எது தெரியுமா? வடக்குல நார்த் சர்குலர், தெற்குல சவுத் சர்குலர். ஆனா அந்த ரெண்டு ரோடும் உள்ள சேராது. எந்த ரோட்டுப் புகையைப் பத்தி அந்தத் தீர்ப்பு வந்துச்சோ, அந்த ரோட்டுலயே தீர்ப்புக்குப் பத்து மாசம் கழிச்சும் பழைய டீசல் வண்டி இலவசமா ஓடலாம். சவுத் சர்குலர் உள்ளே வந்தது 2023 ஆகஸ்ட் 29. எல்லா இறந்து பத்து வருஷத்துக்கு மேல.

495 ஓட்டு

அந்த 2023 விரிவாக்கம்தான் பெரிய சண்டை. லண்டன் மொத்தமும், சுமார் 90 லட்சம் பேர் வாழற பகுதி, உள்ளே வந்துச்சு. நம்ம தமிழ் ஆட்கள் நிறைய இருக்கற இடங்களை வெச்சே சொல்றேன். ஈஸ்ட் ஹாம் 2021-லயே உள்ளே. ஹாரோ, வெம்பிளி, டூட்டிங் எல்லாம் 2023-ல். வெளி லண்டன்ல மெட்ரோ கம்மி, பஸ் இடைவெளி அதிகம். வேன் வெச்சுப் பிழைக்கறவங்க, விடியக்காலைல கடை திறக்கறவங்களுக்கு கார் ஆடம்பரம் கிடையாது.

போரிஸ் ஜான்சன் காலி பண்ணின அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியில 2023 ஜூலை 20-ல் இடைத்தேர்தல். லேபர் கட்சி ஜெயிக்கும்னு பலர் எதிர்பார்த்தாங்க. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் யூலெஸ் எதிர்ப்பையே பிரசாரமாக்கி 495 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். யூலெஸை அறிவிச்சவரோட தொகுதியிலயே! ஹாரோ உட்பட அஞ்சு கவுன்சில்கள் ஹைகோர்ட்டுக்குப் போய் ஜூலை 28-ல் தோத்தாங்க. கேமரா ஒயரை வெட்டற கூட்டம் ஒண்ணு ராத்திரியில கிளம்பிச்சு. அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அவங்க மட்டும்தான் எதிர்ப்பாளர்கள்னு நினைச்சா தப்பு. 'அரசு வரியைக் குறைச்சுத்தான் என்னை டீசல் வாங்க வெச்சுது, இப்போ அதே காருக்கு நாளுக்கு 12.50 கேக்கறாங்க'ங்கற கேள்வியில நியாயம் இருக்கு.

கணக்குப் போடுங்க. வாரத்துக்கு அஞ்சு நாள் ஓட்டினா 62.50 பவுண்டு. பழைய காரைக் காயலான் கடைக்குப் போட்டா 2,000 பவுண்டு மானியம்னு ஒரு திட்டம் இருந்துச்சு. அது 160 நாள் கட்டணத்துக்குச் சமம். முதல்ல அரசு உதவித்தொகை வாங்கற சிலருக்கு மட்டும்தான் அந்த மானியம். எல்லா லண்டன்வாசிகளுக்கும் திறந்துவிட்டது ஆகஸ்ட் 21, விதி அமலுக்கு வர்றதுக்கு எட்டு நாள் முன்னாடி. கோட்டுக்கு அந்தப் பக்கம், சர்ரேயில இருந்து தினமும் உள்ளே வந்து வேலை பார்க்கறவருக்கு மானியம் கிடையாது, கட்டணம் உண்டு.

இப்போ 1956-ஐ ஞாபகப்படுத்திக்கங்க. அப்போ அடுப்பை மாத்தச் சொன்ன அரசே செலவுல பெரும்பகுதியையும் ஏத்துக்கிச்சு.

வேலை செஞ்சுதா?

செஞ்சுது. 2017-ல் மத்திய லண்டன்ல ஓடின வண்டிகள்ல 39 சதவீதம்தான் இந்தத் தரத்துல இருந்துச்சு. 2024-ல் லண்டன் முழுக்க 96 சதவீதத்துக்கு மேல. யூலெஸ் இல்லாம இருந்திருந்தா இருக்கக்கூடிய அளவோட ஒப்பிட்டா, ரோட்டோர நைட்ரஜன் டை ஆக்சைடு 27 சதவீதம் கம்மின்னு மேயர் அலுவலகத்தோட 2025 அறிக்கை சொல்லுது. 'விரிவாக்கத்தை முதல் நாளே பின்வாங்குவேன்'னு சொன்ன வேட்பாளரை 2024 மே மாசத் தேர்தல்ல தோற்கடிச்சு, சாதிக் கான் மூணாவது தடவையா மேயர் ஆனார்.

குறையும் இருக்கு. கேமரா பார்க்கறது பதிவேட்டுல இருக்கற தரத்தை, சைலன்சர்ல இருந்து நிஜமா வர்றதை இல்ல. ரோட்டுல வரம்பை மீறற ஆரம்பகால யூரோ 6 டீசலும் இலவசமாத்தான் போகும். பிரேக்கும் டயரும் தேய்ஞ்சு வர்ற நுண்துகளுக்கு மின்சார காரும் விதிவிலக்கு இல்ல.

என் கருத்தைச் சொல்லிடறேன். கட்டணம் சரி. ஒரு குழந்தையோட நுரையீரல் பக்கம் நின்னு பார்த்தா, அது பத்து வருஷம் லேட். ஆனா பில் போன விலாசத்துல பாதி தப்பு. 2001-ல் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வரி போட்டவங்க கட்டல. லேப்ல ஒண்ணு ரோட்டுல ஒண்ணுன்னு வித்த கம்பெனிகள்ல சில அபராதம் கட்டுச்சு, ஆனா அந்தப் பணம் ஹாரோவுல வேன் ஓட்டறவர் கைக்கு வரல. மிச்சத்தைக் கட்டினது செகண்ட் ஹேண்ட் டீசல் வெச்சிருந்தவர்.

சாஃப்ட்வேர்ல ஒரு பழைய வசதியை நிறுத்தணும்னா, 'இந்தத் தேதியோட முடியுது'ன்னு முன்கூட்டியே சொல்லணும். லண்டனுக்கு அது தெரியாம இல்ல. நெரிசல் கட்டணத்துல மின்சார கார்களுக்கு இருந்த முழுச் சலுகை 2025 டிசம்பர் 25-ல் முடியும்னு ஏழு வருஷம் முன்னாடியே அறிவிச்சாங்க. வெளி லண்டன் டீசல் காருக்குக் கிடைச்ச அவகாசம்? விரிவாக்கத்தை உறுதி செஞ்சது 2022 நவம்பர், அமல் 2023 ஆகஸ்ட். ஒன்பது மாசம்.

இந்த மாதிரி திட்டம் வேற எந்த ஊருக்கு வந்தாலும் நீங்க கேட்க வேண்டிய கேள்விகள் மூணு. எதை அளக்கறீங்க, எதை அளக்காம விடறீங்க? கோட்டை எங்க போடறீங்க, அந்தக் கோட்டு மேலயே குடியிருக்கறது யாரு? நேத்து நீங்க வாங்கச் சொன்னதை இன்னைக்கு மாத்தச் சொன்னா, செலவுல உங்க பங்கு எவ்வளவு?

லண்டன்ல வண்டி ஓட்டற நண்பர்கள் யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க, அந்த நள்ளிரவுக் கணக்கையும் மறக்காம சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.